ஃபைல் பெயரை உள்ளே பூட்டாதீர்கள்

இரவு இரண்டு மணிக்குப் போன். நைட் ஷிப்டில் இருந்த தம்பி பேசினான். "அண்ணே, நீங்க எழுதிக் கொடுத்த புரோகிராம் ஓட மாட்டேங்குது. டி டிரைவ்ல ஃபைல் இல்லைன்னு சொல்லுது. இந்த சிஸ்டத்துல டி டிரைவே இல்லண்ணே."

மணலி பக்கம் ஒரு சிஎஃப்எஸ்ஸில் நான் வேலை பார்த்த காலம் அது. துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர் பெட்டிகளை இறக்கி வைத்து, சுங்கச் சோதனை முடிந்ததும் வெளியே அனுப்பும் இடம். முந்தின நாளின் கேட் அறிக்கை காலை ஆறு மணிக்குள் போயாக வேண்டும். எத்தனை பெட்டி உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது, யார்டில் எத்தனை நிற்கிறது என்ற கணக்கு. அதைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தவர்களுக்காக நான் பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். என் மேஜைக் கணினியில் நன்றாக ஓடியது. அன்றைக்கு அந்தக் கணினி பழுதாகி, தம்பி பக்கத்து அறைக் கணினியில் உட்கார்ந்திருந்தான். திருவொற்றியூரிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே போய் மாற்றியது ஒரே ஒரு வரி. கோப்பு எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன என்று நான் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்த வரி.

இதைவிடப் பெரிய அடி பிறகு விழுந்தது. அந்த நிரலில் தேதியோடு சேர்த்து ஃபைல் பெயர் மூன்று இடங்களில் இருந்தது. தினமும் காலையில் மூன்றையும் கையால் மாற்றுவேன். ஒரு நாள் இரண்டை மட்டும் மாற்றினேன். கேட் இன் அன்றைய கோப்பு, கேட் அவுட் முந்தின நாள் கோப்பு. கணினி எந்தப் புகாரும் சொல்லவில்லை. இரண்டு கோப்பும் இருக்கின்றன, இரண்டையும் படித்தது, கணக்குப் போட்டது, அறிக்கை தந்தது. வெளியே போய்விட்ட பெட்டிகள் யார்டிலேயே நிற்பதாக அறிக்கை சொன்னது. அதை வைத்துக் கிரவுண்ட் ரென்ட் பில் போனது. இறக்குமதியாளர் போன் செய்து, "என் சரக்கு என் குடோனுக்கு வந்து சேர்ந்தாச்சு, எதுக்கு வாடகை?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. ஓடாமல் நிற்கும் நிரல் உங்களை எழுப்பியாவது விடும். தப்பாக ஓடும் நிரல் தூங்கவிட்டுக் கெடுக்கும்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என்று இந்தப் பட்டையில் வேலைக்குச் சேரும் பட்டதாரிகள் நிறையப் பேருக்கு முதல் நாள் கிடைப்பது ஒரு ஃபோல்டர் நிறைய சிஎஸ்வி கோப்புகளும் எக்செல் கோப்புகளும்தான். தம்பு செட்டித் தெருவில் சுங்கத் தரகர் அலுவலகமானாலும், கப்பல் முகவர் அலுவலகமானாலும், தொழிற்சாலையில் இயந்திரப் பதிவுகளைப் பார்க்கும் இடமானாலும் இதே கதை. "ரிப்போர்ட் போடு" என்பார்கள். பைத்தானோ எக்செல் மேக்ரோவோ கொஞ்சம் தெரிந்தவர் அதைத் தானியக்கமாக்கப் பார்ப்பார். அப்போது முதலில் எழுதும் வரியே கோப்பைத் திறக்கும் வரி. அந்த வரியை எப்படி எழுதுகிறீர்கள் என்பதை வைத்தே உங்கள் வேலை உங்கள் மேஜையோடு நிற்குமா, மற்றவர் மேஜைக்கும் போகுமா என்று சொல்லிவிடலாம்.

துறைமுகத்து ஜீரோ கேட்டில் நிற்கும் கிளார்க்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ட்ரெய்லர் வருகிறது. டிரைவர் காகிதத்தை நீட்டுகிறார். கிளார்க் அதில் இருக்கும் பெட்டி எண்ணைப் பார்த்து, வண்டியில் இருப்பதோடு ஒப்பிட்டு, சரியென்றால் அனுப்புகிறார். அடுத்த வண்டிக்கும் அதே வேலை, காகிதம் மட்டும் வேறு. ஒரே ஒரு வண்டியின் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு, அந்த வண்டி வந்தால்தான் வேலை செய்வேன் என்று அவர் உட்கார்ந்திருந்தால் வரிசை எண்ணூர் வரை நீளும். நிரலில் ஃபங்ஷன் என்பது அந்த கிளார்க். ஃபைல் பெயர் என்பது டிரைவர் நீட்டும் காகிதம். காகிதம் வெளியிலிருந்து வர வேண்டும்.

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல் மொழியில் ஃபங்ஷனுக்கு நிரல்பாகம் என்று பெயர், விடையைத் திருப்பித் தர பின்கொடு. அந்தச் சொற்களை வைத்து உருவத்தை மட்டும் காட்டுகிறேன். பைத்தானிலும் இதே உருவம்தான்.

நிரல்பாகம் பெட்டிப்_பட்டியல்(கோப்பு_பெயர்)
    அட்டவணை = கோப்பைப்_படி(கோப்பு_பெயர்)
    பின்கொடு அட்டவணை
முடி

உள்ளே = பெட்டிப்_பட்டியல்("கேட்இன்_2024-07-12.சிஎஸ்வி")
வெளியே = பெட்டிப்_பட்டியல்("கேட்அவுட்_2024-07-12.சிஎஸ்வி")

மேலே உள்ள ஃபங்ஷனுக்குள் எந்தக் கோப்பின் பெயரும் இல்லை. கோப்பு_பெயர் என்பது ஒரு காலிக் கிண்ணம். கூப்பிடும்போது எதைப் போடுகிறோமோ அது அதில் இருக்கும். கீழே இரண்டு முறை கூப்பிட்டோம், இரண்டு கோப்பு கிடைத்தது. நாளைக்கு இருபது கோப்பு வந்தாலும் ஃபங்ஷனைத் தொட வேண்டாம்.

இதில் புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் மேற்கோள் குறி. கூப்பிடும் இடத்தில் பெயருக்கு மேற்கோள் குறி வேண்டும், ஏனென்றால் அங்கே நாம் கொடுப்பது எழுத்துகள். ஃபங்ஷனுக்குள் கோப்பு_பெயர் என்ற மாறிக்கு மேற்கோள் குறி போடக் கூடாது. போட்டால், "கோப்பு_பெயர்" என்றே ஒரு ஃபைல் இருக்கிறதா என்று கணினி தேடும். கிடைக்காது. திரையில் ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர் வரும். "ஃபைல் கண்ணெதிரே இருக்குது, இல்லைங்குதே" என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பிழைச் செய்தியின் கடைசி வரியில் அது எந்தப் பெயரைத் தேடியது என்று எழுதியிருக்கும். முதலில் அதைப் படியுங்கள். நீங்கள் கொடுத்த பெயரும் அது தேடிய பெயரும் ஒன்றுதானா என்று பார்த்தால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி விண்டோஸில் இருக்கிறது. பைத்தானில் சாதாரண மேற்கோளுக்குள் பின்சாய்வுக்கோடு போட்டுப் பாதையை எழுதினால் ஆபத்து. கோட்டுக்கு அடுத்து ஆங்கிலச் சிறிய 'என்' வந்தால் அது புதிய வரி என்று எடுத்துக்கொள்ளும், சிறிய 'டி' வந்தால் டேப் இடைவெளி. நியூ, டெஸ்ட் என்று ஃபோல்டருக்குப் பெயர் வைக்காத அலுவலகம் உண்டா? சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டரை அப்படியே ஒட்டினால் இன்னும் மோசம். பெரிய 'யு' எழுத்துக்கு முன்னால் அந்தக் கோடு வந்தால் பைத்தான் 3 யூனிகோட் எண்ணை எதிர்பார்க்கும், நிரல் தொடங்கவே தொடங்காது. மேற்கோளுக்கு முன்னால் சிறிய 'ஆர்' எழுத்தைப் போட்டால் கோடு கோடாகவே இருக்கும். முன்சாய்வுக்கோடு பயன்படுத்தினாலும் விண்டோஸ் ஏற்றுக்கொள்ளும். இன்னும் நல்லது பாத்லிப் என்ற நூலகம். பைத்தான் 3.4 முதல் அது கூடவே வருகிறது, தனியாக நிறுவ வேண்டாம். ஃபோல்டரையும் ஃபைல் பெயரையும் அதுவே சரியாக ஒட்டிக்கொள்ளும்.

பிறகு, விண்டோஸ் கோப்பின் வால் பெயரை, அதாவது எக்ஸ்டென்ஷனை, மறைத்து வைக்கும். நீங்கள் சிஎஸ்வி என்று வாலைச் சேர்த்துச் சேமித்தால் உண்மையில் இரண்டு வால் இருக்கலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வால் பெயரைக் காட்டச் சொல்லும் அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். லினக்ஸ் சர்வர் இருக்கும் அலுவலகத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. உங்கள் விண்டோஸில் ஓடியது அங்கே ஓடாததற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான்.

இந்த வட்டாரத்து அலுவலகங்களில் நான் அதிகம் பார்த்த கண்ணி வேறொன்று. துறைமுக டெர்மினலின் இணையதளத்திலிருந்து ஒரே பெயரில் கோப்பை இரண்டாம் முறை இறக்கினால் பிரவுசர் அதன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்துவிடும். புதிய கணக்கு அந்த 1 போட்ட கோப்பில் இருக்கும். நிரலுக்குள் பூட்டி வைத்த பெயரோ பழைய கோப்பையே திறக்கும். இரவு பதினோரு மணிக்கு எடுத்த கணக்கு காலை அறிக்கையாகப் போய்விடும். யாருக்கும் சந்தேகம் வராது, ஏனென்றால் எண்கள் பார்க்கச் சரியாகவே இருக்கும்.

அதனால் ஃபைல் பெயரை வெளியிலிருந்து கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். ஃபங்ஷன் கோப்பைப் படித்ததும் நான்கு விஷயங்களைத் திரையில் சொல்ல வேண்டும்: எந்தக் கோப்பை எந்த முழுப் பாதையிலிருந்து எடுத்தது, எத்தனை வரிகள், முதல் தேதி எது, கடைசித் தேதி எது. நான்கே வரி நிரல். அது என்னிடம் இருந்திருந்தால் அந்த வாடகை பில் போயிருக்காது. கேட் இன் தேதியும் கேட் அவுட் தேதியும் வேறு என்று ஷிப்டில் இருந்த யாராவது பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

பெயரை வெளியிலிருந்து எப்படிக் கொடுப்பது? நிரல் எழுதத் தெரிந்தவருக்கு கமாண்ட் லைன் போதும். நிரலின் பெயரைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஃபைல் பெயரைத் தட்டினால் பைத்தானின் சிஸ் நூலகத்தில் ஆர்க்வி என்ற பட்டியலில் அது வந்து நிற்கும். பெயருக்குள் இடைவெளி இருந்தால் மேற்கோளுக்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் 'கேட் இன்' என்பது இரண்டு தனிச் சொல்லாக உள்ளே போகும். கோப்புப் பெயரில் இடைவெளிக்குப் பதில் கீழ்க்கோடு போடுங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதனால்தான்.

நைட் ஷிப்ட் தம்பிக்குக் கறுப்புத் திரையைக் காட்டினால் பயப்படுவான். அவனுக்கு ஒரு பேட்ச் ஃபைல் செய்து டெஸ்க்டாப்பில் வையுங்கள். சிஎஸ்வி கோப்பை மவுஸால் இழுத்து அந்த பேட்ச் ஃபைல் மேலே போட்டால், போட்ட கோப்பின் முழுப் பாதை அதற்கு முதல் ஆர்க்யுமென்டாக, அதாவது வெளியிலிருந்து தரும் மதிப்பாக, போய்விடும். அதை அப்படியே பைத்தானுக்குக் கடத்த ஒரு வரி போதும். நான் இதைச் செய்து கொடுத்த பிறகு எனக்கு இரவில் போன் வருவது நின்றது. கணினி மாறினாலும், டிரைவ் எழுத்து மாறினாலும், கோப்புப் பெயரில் 1 ஒட்டிக்கொண்டாலும் அவன் எதைக் கையால் இழுத்துப் போடுகிறானோ அதுதான் படிக்கப்படும்.

தினமும் தானாக ஓட வேண்டியதென்றால் டாஸ்க் ஷெட்யூலர். இங்கே ஒரு எச்சரிக்கை. ஷெட்யூலர் ஓட்டும்போது நிரல் எந்த ஃபோல்டரில் நிற்கிறது என்பதே மாறிவிடும். தொடங்கும் ஃபோல்டரை நாம் சொல்லாவிட்டால் விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் நின்றுகொண்டு தேடும். வெறும் ஃபைல் பெயரைக் கொடுத்தால் கிடைக்காது, முழுப் பாதை கொடுக்க வேண்டும். நெட்வொர்க் டிரைவை இசட் என்று ஓர் எழுத்தில் இணைத்து வைத்திருப்பதும் பல சமயம் அதன் கண்ணுக்குத் தெரியாது. சர்வரின் பெயரோடு தொடங்கும் பாதையைக் கொடுங்கள்.

எக்செல் மேக்ரோவில் இருப்பவர்களுக்கும் இதே பேச்சுதான். வொர்க்புக்ஸ் ஓப்பன் என்ற கட்டளைக்குள் பெயரை எழுதாமல், ஒரு கட்டத்தில் எழுதி வைத்து அங்கிருந்து எடுங்கள்.

பெயர் சரியாக உள்ளே போய்விட்டது, கோப்பும் திறந்துவிட்டது. படித்தது சரியா? காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஏற்றுமதி அலுவலகத்தில் வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இறால் வகைக்குச் சுங்கத் தலைப்பு எண் 0306. உறைந்த மீன் 0303. பாண்டாஸ் நூலகத்தின் ரீட் சிஎஸ்வி ஃபங்ஷனுக்கு ஃபைல் பெயரை மட்டும் கொடுத்தால், இதைப் பார்த்து எண் என்று முடிவு செய்து முன்னால் இருக்கும் சுழியத்தைத் தின்றுவிடும். 0306 வெறும் 306 ஆகும், எட்டு இலக்கக் குறியீடு ஏழு இலக்கமாகச் சுருங்கும். எக்செல்லில் சிஎஸ்வியைத் திறந்து மறுபடி சேமித்தாலும் இதே சேதம். டிடைப் என்ற ஆர்க்யுமென்டில் அந்த நெடுவரிசையை எழுத்தாகப் படிக்கச் சொல்ல வேண்டும். ஃபைல் பெயரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய இன்னோர் ஆர்க்யுமென்ட் இது. தேதிக்கும் ஒன்று உண்டு, டே ஃபர்ஸ்ட். நாம் எழுதும் 04-12 என்பது டிசம்பர் 4. சொல்லாவிட்டால் அதை ஏப்ரல் 12 என்று படித்துவிடக்கூடும். 13-ஆம் தேதி முதல் அந்தக் குழப்பம் வராது என்பதால் பிழை மாதத்தின் முதல் பாதியில் மட்டும் ஒளிந்திருக்கும்.

தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பென்றால் என்கோடிங்கைச் சொல்லுங்கள். எக்செல்லில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும், திரும்பக் கிடைக்காது. சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்று இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிச் சேமித்த கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி இருக்கும். அதைப் புரிந்துகொள்ளாத நிரலில் முதல் நெடுவரிசையின் பெயர் இருக்கும், ஆனால் கூப்பிட்டால் வராது. என்கோடிங்கை யுடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் தீரும்.

கோப்பில் இருக்கும் பெட்டி எண் சரியா என்று பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம் என்பது ஐஎஸ்ஓ 6346 தரம். முதல் பத்து எழுத்து எண்களிலிருந்து கணக்குப் போட்டால் கடைசி இலக்கம் வர வேண்டும். கோப்பைப் படித்ததும் ஒவ்வொரு பெட்டிக்கும் இந்தக் கணக்கை ஓட்டும் ஃபங்ஷன் ஒன்று எழுதிவிடுங்கள். கேட்டில் தட்டச்சுப் பிழையாக விழுந்த எண்களில் பெரும்பாலானவை அங்கேயே மாட்டும். நேர்காணலில் இதைச் செய்து காட்டினால் எதிரே இருப்பவருக்குத் துறைமுக வேலை தெரிந்திருந்தால் நிமிர்ந்து உட்காருவார்.

கோப்பைப் படிக்கும் இடத்தில் பெரிய நாடுகளும் சறுக்கியிருக்கின்றன. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கொரோனா தொற்று முடிவுகள் தினசரிக் கணக்கில் சேராமல் போயின. ஆய்வகங்கள் அனுப்பிய கோப்புகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றியிருந்தார்கள். அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான். அதற்கு மேல் வந்தவை உதிர்ந்தன. தொற்று உறுதியானவர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்லும் வேலை அதனால் நாள் கணக்கில் தாமதமானது. படித்தது எத்தனை வரி, கோப்பில் இருப்பது எத்தனை வரி என்ற ஒரு ஒப்பீடு அந்தச் சங்கிலியில் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அந்த 65,536-ஐ நினைவில் வைத்துக்கொண்டு நம் ஊருக்கு வாருங்கள். பழகுவதற்கு அலுவலகக் கோப்பை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, அது வாடிக்கையாளரின் வணிக ரகசியம். நம் காற்றின் கணக்கு இலவசமாகக் கிடைக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் தொடர் கண்காணிப்பு நிலையங்களின் பதிவுகளை யாரும் இறக்கிக்கொள்ளலாம். ராயபுரம், கொடுங்கையூர், மணலி, மணலி கிராமம் எல்லாம் பட்டியலில் உண்டு. மணிக்கு ஒரு பதிவு என்றால் ஆண்டுக்கு 8,760 வரிகள். கால்மணிக்கு ஒன்று என்றால் 35,040. இரண்டு ஆண்டைச் சேர்த்தால் 70,080, பழைய எக்செல் தாளைத் தாண்டிவிட்டது.

மணலி என்றும் மணலி கிராமம் என்றும் இரண்டு சொன்னேன். முதலாவது மத்திய வாரியத்தின் நிலையம், இரண்டாவது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையம். பெயர் ஏறக்குறைய ஒன்று, இடம் வேறு, காற்றும் வேறாக இருக்கலாம். நிரலுக்குள் பெயரைப் பூட்டி வைத்து ஒவ்வொரு முறையும் கையால் மாற்றுகிறவர் இந்த இரண்டையும் கலந்துவிடாமல் இருப்பது கடினம். கோப்பைப் படிக்கும் ஃபங்ஷன், தனக்கு வந்த கோப்பின் பெயரை ஒவ்வொரு வரியிலும் ஒரு தனி நெடுவரிசையாக எழுதிவைக்கட்டும். நான்கு நிலையம், மூன்று ஆண்டு, பன்னிரண்டு கோப்பு. ஒரு சுற்றில் ஒவ்வொரு பெயரையும் அதே ஃபங்ஷனுக்குக் கொடுத்து, கிடைத்ததை எல்லாம் ஒரே அட்டவணையாக ஒட்டினாலும், எந்த எண் எந்த நிலையத்தின் எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று கடைசி வரை சொல்ல முடியும்.

எனக்கு இந்த நெடுவரிசை ஏன் முக்கியம் என்றால், நாங்கள் இந்தக் காற்றைச் சுவாசிக்கிறவர்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெங்கும் ஒட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி பெரியகுப்பம் கரையருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து ஊரே வீட்டை விட்டு ஓடியது. ஒவ்வொரு முறையும் மக்கள் கேட்டது ஒரே கேள்வி: எவ்வளவு இருந்தது, எங்கே அளந்தீர்கள்? 2009-இல் வகுத்த தேசியத் தரப்படி அமோனியாவுக்கு 24 மணி நேரச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 400 மைக்ரோகிராம், பிஎம்2.5 நுண்துகளுக்கு 60. அதோடு ஒப்பிட வேண்டிய எண்ணை ஒருவர் எடுத்து நீட்டும்போது, அது எந்த நிலையத்தின் எந்தக் கோப்பு என்று சொல்ல முடியாவிட்டால் அந்த எண்ணை ஒருவரும் மதிக்க மாட்டார்கள்.

காலி இடங்களையும் கவனியுங்கள். மின்சாரம் போனாலோ கருவி பழுதானாலோ அந்த மணிக்குப் பதிவு இருக்காது. காலியைச் சுழியமாகப் படித்தால் சராசரி இறங்கிவிடும், கெட்ட காற்று நல்ல காற்றாகக் காட்டும். ஃபங்ஷன் காலியைக் காலியாகவே வைத்துக்கொண்டு, எத்தனை மணி காலி என்று எண்ணிச் சொல்லட்டும். கோப்பின் மேலே நிலையத்தின் பெயரும் காலமும் எழுதிய சில வரிகள் இருந்தால், அவற்றைத் தாண்டிப் படிக்க ஸ்கிப் ரோஸ் இருக்கிறது. எத்தனை வரி தாண்டுவது என்பதையும் ஆர்க்யுமென்டாக வெளியிலிருந்து கொடுங்கள். அதுவும் நாளைக்கு மாறும்.

வேலை தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சர் தியாகராயா கல்லூரியில் படித்தவரானாலும் ஐடிஐ முடித்தவரானாலும், நேர்காணலுக்குப் போகும்போது பைத்தான் தெரியும் என்று பயோடேட்டாவில் எழுதினால் பத்தோடு பதினொன்று. ஒரு பென்டிரைவில் உங்கள் நிரலையும் இரண்டு மாதிரிக் கோப்புகளையும் எடுத்துப் போங்கள். ஒன்று சரியான கோப்பு, ஒன்று வேண்டுமென்றே கெடுத்த கோப்பு. அவர்கள் கணினியிலேயே ஓட்டிக் காட்டச் சம்மதம் கேளுங்கள். சரியான கோப்பைக் கொடுத்தால் விடை வரட்டும். கெட்ட கோப்பைக் கொடுத்தால் எந்த வரியில் என்ன கோளாறு என்று சொல்லி நிற்கட்டும். பிழை வந்தால் ஒன்றும் சொல்லாமல் விழுங்கிவிட்டு மேலே போகும் நிரலை மட்டும் எழுதாதீர்கள்.

வேலையில் இருப்பவர்கள், உங்களுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வருபவரை நினைத்து எழுதுங்கள். "அவன் லீவு போட்டா ரிப்போர்ட் வராது" என்று சூப்பர்வைசர் சொன்னால் சிலருக்குப் பெருமையாக இருக்கிறது. எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. அதனால்தான் பொங்கலுக்கும் வேலைக்குப் போனேன், அதனால்தான் மேல் வேலைக்கு வேறொருவரை எடுத்தார்கள். என்னை அந்த மேஜையிலிருந்து நகர்த்த அவர்களுக்குத் துணிவில்லை. ஃபைல் பெயரை வெளியிலிருந்து வாங்கும்படி நிரலைத் திருத்தி, இழுத்துப் போட்டால் ஓடும்படி செய்து, மூன்று ஷிப்டுக்கும் சொல்லிக் கொடுத்த பிறகுதான் என்னை அடுத்த வேலைக்கு மாற்றினார்கள்.

ஐந்து வரி உள்ள ஒரு மாதிரிக் கோப்பைக் கையால் தயாரித்து எப்போதும் கூடவே வைத்திருங்கள். விடை என்ன வர வேண்டும் என்று உங்களுக்கே தெரியும் கோப்பு. நிரலில் ஓர் எழுத்தை மாற்றினாலும் முதலில் அதைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். பெயரை வெளியிலிருந்து வாங்கும் ஃபங்ஷனுக்குத்தான் இந்த வசதி உண்டு.

இந்த வாரம் ஒரு மாலை ஒதுக்குங்கள். மணலி நிலையத்தின் 2023 டிசம்பர் கோப்பை இறக்கி, அதைப் படிக்க ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். ஓடியதும் அந்த நிரலை மட்டும் நண்பருக்கு அனுப்புங்கள், கோப்பை அனுப்ப வேண்டாம். ராயபுரம் நிலையத்தின் கோப்பை அவர் தன் கணினியில் இறக்கி, உங்கள் நிரலில் ஓர் எழுத்தும் மாற்றாமல் ஓட்டட்டும். எங்காவது நின்றால், நின்ற வரியை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கிருந்து திருத்தத் தொடங்குங்கள்.